பழைய ஹெரால்டும் ஒரு பம்பர் பஞ்சாயத்தும்

பம்பர்னு சொன்னா எங்க தாத்தாவுக்கு லாட்டரிதான் ஞாபகம் வரும். பொங்கல் பம்பர், தீபாவளி பம்பர்னு சீட்டு வாங்கிக் குவிச்ச தலைமுறை. 2003ல தமிழ்நாட்டுல லாட்டரியைத் தடை பண்ணின பிறகுதான் நிறுத்தினாராம். அதுவரைக்கும் ஒரு தடவை கூட விழல. நான் சொல்ல வந்தது அந்த பம்பர் இல்லீங்க. காருக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்குமே, அது. பழைய காரோட ஒரிஜினல் இரும்பு பம்பரைக் கழற்றிட்டு ஃபைபர் கிளாஸ்ல செஞ்சதை மாட்டலாமா, கூடாதா? இதுதான் மூணு மாசமா எங்க வீட்டுல நடந்த பஞ்சாயத்து. பி.காம் படிக்கிறவனுக்கு இதுல என்னடா வேலைன்னு எங்க கிளாஸ்ல பாதிப் பேர் கேட்டாச்சு. கடைசி வரைக்கும் படிங்க, கணக்கும் வருது.

முதல்ல கார் பத்திச் சொல்லிடறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1970 மாடல், நாலு கதவு. தாத்தா 1981ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. இது ஸ்போர்ட்ஸ் காரான்னு கேட்டா, இல்ல. ஆனா ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடப் பிறந்த அண்ணன். இங்கிலாந்துல டிரையம்ஃப் ஹெரால்டு 1959ல வந்தது. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. அதே ஹெரால்டோட சேஸிஸைக் குட்டையாக்கி, மேல ரெண்டு சீட்டு உடம்பை வச்சு 1962ல விட்டதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதையும் வரைஞ்சவர் அதே மிக்கெலோட்டி. 1980 வரைக்கும் ஓடின பேர்போன ஸ்போர்ட்ஸ் கார் அது. அதனால ஸ்பிட்ஃபயர் வச்சிருக்கிற வெள்ளைக்காரன் பம்பரை வச்சு என்னென்ன அவஸ்தைப்படறானோ, அதுல பாதி உத்திரமேரூர்ல எங்க மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துலயும் நடக்கும்.

ஹெரால்டு நம்ம ஊர் கார்ங்கிறது நிறைய பேருக்குத் தெரியாது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச கம்பெனி. ஃபேக்டரி வண்டலூர் பக்கம். வண்டலூர்னா இப்ப எல்லாருக்கும் ஜூதான். அங்கிருந்து 1961ல வெளியே வந்தது இந்திய ஹெரால்டு. நாலு கதவு வச்ச ஹெரால்டு இங்கிலாந்துல கிடையவே கிடையாது, இந்தியாவுல மட்டும்தான். அப்புறம் கெஸல்னு ஒண்ணு வந்தது. 1985ல ஸ்டாண்டர்டு 2000னு ஒரு பெரிய கார் விட்டாங்க, அது போணியாகல. 1988ல கதை முடிஞ்சது. கம்பெனி போயிடுச்சு, அதனால பார்ட்ஸும் போயிடுச்சு. இதுதான் பஞ்சாயத்துக்கே மூலகாரணம்.

ஹெரால்டுல ஒரு வித்தியாசம் இருக்கு. அந்தக் காலத்துலயே நிறைய கம்பெனிக்காரங்க உடம்பையும் அடிச்சட்டத்தையும் ஒண்ணா வெல்டு பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ஹெரால்டுல சேஸிஸ் தனி, உடம்பு தனி. உடம்பும் துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டினது. கப்பல்ல பார்ட்ஸா அனுப்பி வெளிநாட்டுல பூட்டறதுக்கு அது தோதா இருந்தது. முன்பக்கம் பானட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டா முன்னாடி கவிழ்ந்து திறக்கும். டயர் மேல உக்காந்துகிட்டே இஞ்சின் வேலை பார்க்கலாம். ஆக, பொறந்தப்பவே கழற்றி மாட்டறதுக்குன்னு பொறந்த கார். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, பிரச்சினைக்கு வருவோம். எங்க கார்ல ரெண்டு பம்பருமே இரும்பு, மேல குரோம் முலாம். மேல பார்த்தா அங்கங்க கொப்புளம், அவ்வளவுதான். உள்பக்கம் கையை விட்டா துரு செதில் செதிலா வரும். முன் பம்பர்ல இடது ஓரம் ஒரு சப்பை, பின் பம்பர்ல நடுவுல ஒரு சப்பை. துரு இன்னும் ரெண்டு மழைக்காலம் போனா ஓட்டையாகிடும்னு டிங்கர் சொல்லிட்டார். அன்னிக்கு ஆரம்பிச்சது.

வீட்டுல நாலு கட்சி. மாமா கட்சி: கையில காசு கம்மி, எது மலிவோ அதைப் பண்ணு. மாமா பையன், அதாவது என் மச்சான், டிப்ளமோ மெக்கானிக்கல். அவன் கட்சி: இதான் சாக்கு, ஃபைபர்ல தரையைத் தொடற மாதிரி முரட்டு முன் பம்பர் செஞ்சு, ரேஸ் கார் மாதிரி ஆக்கிடலாம். மூணாவது கட்சி சென்னையில இருந்து வந்த ஒருத்தர். பழைய கார் சேர்க்கிறவர். நல்ல விலைக்குக் கேட்டார், ஆனா ஒரே கண்டிஷன், "ஒரு ஆணி கூட மாறக்கூடாது. பம்பர் ஒரிஜினல் இல்லைன்னா எனக்கு வேணாம்." நாலாவது கட்சி தாத்தா. வயசு 84. அவர் பம்பரைப் பத்தி எதுவுமே பேசல. மாசத்துக்கு ஒரு தடவை அந்த கார்ல காஞ்சிபுரம் போயிட்டு வரணும், ஒரு காப்பி சாப்பிடணும். அவ்வளவுதான் அவரோட கோரிக்கை. வித்தா அது போச்சு. வண்டி ஷெட்டுல நின்னாலும் போச்சு.

நான் எந்தக் கட்சிலயும் இல்ல. எனக்குக் கொடுத்த வேலை, விசாரிச்சு கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. விசாரிச்சதைத்தான் இங்க எழுதறேன்.

முதல் கேள்வி, பம்பர் எதுக்கு? நிறைய பேர் நினைக்கிற மாதிரி பெரிய ஆக்சிடெண்ட்ல உசிரைக் காப்பாத்தறது அதோட வேலை இல்ல. பார்க்கிங்ல இடிக்கிறது, ரிவர்ஸ் எடுக்கிறப்போ தூண்ல முட்டறது மாதிரி மெதுவான இடியில லைட்டு, ரேடியேட்டர், மட்கார்டு இதெல்லாம் நசுங்காம பார்த்துக்கிறதுதான் அதோட வேலை. அமெரிக்காவுல 1973 மாடல் கார்ல இருந்து இதுக்கு சட்டமே போட்டாங்க. மணிக்கு 5 மைல் வேகத்துல முன்பக்கம் முட்டினாலும் லைட்டு மாதிரி முக்கியமான பாகங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு. அந்தச் சட்டத்தால அழகு போன கார்கள் நிறைய. ஸ்பிட்ஃபயரோட சகோதரக் கம்பெனி கார் எம்.ஜி.பி. 1974 கடைசியில அதோட பளபள குரோம் பம்பரை எடுத்துட்டு கறுப்பு ரப்பர் மூக்கு மாதிரி ஒண்ணை வச்சாங்க, காரையும் கொஞ்சம் தூக்கி நிறுத்தினாங்க. இன்னிக்கு வரைக்கும் எம்.ஜி.பி வச்சிருக்கிறவங்க அந்தக் கறுப்பு மூக்கைக் கழற்றிட்டு பழைய குரோமை மாட்டறதையே ஒரு பொழப்பா வச்சிருக்காங்க. சிலர் அதுக்கு ஃபைபர்ல செஞ்ச முன்பக்கமும் போடறாங்க. அதாவது, பம்பர் சண்டை நம்ம வீட்டுல மட்டும் இல்ல!

அடுத்து மச்சானோட வாதம். "இப்ப வர்ற கார்ல எல்லாம் பிளாஸ்டிக் பம்பர்தானே? ஃபைபர் போட்டா என்ன குறைஞ்சிடும்?" கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா புது கார்ல வெளிய தெரியற பிளாஸ்டிக் வெறும் சட்டைதான். பின்னாடி நுரை மாதிரி ஒரு மெத்தை, அதுக்கும் பின்னாடி இரும்புலயோ அலுமினியத்துலயோ ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். இடியை வாங்கறது அதுதான். அந்தப் பிளாஸ்டிக்கும் ஃபைபர் கிளாஸும் வேற வேற. பிளாஸ்டிக்கை அழுத்தினா வளைஞ்சு திரும்ப வரும். ஃபைபர் கிளாஸ் விறைப்பா நிக்கும், ஒரு அளவுக்கு மேல போனா விரிசல் விடும். கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்து இறுகினது, அதோட குணம் அப்படித்தான்.

அதுக்காக ஃபைபர் மட்டம்னு அர்த்தம் இல்ல. அமெரிக்காவோட கார்வெட் 1953ல வந்தப்பவே முழு உடம்பும் ஃபைபர் கிளாஸ். முதல் வருஷம் 300 கார்தான் செஞ்சாங்க. நம்ம பக்கத்துல பெங்களூர்ல இருந்து 1982ல வந்த சிபானி டால்ஃபின் ஃபைபர் உடம்பு கார். கோயம்புத்தூர் கரிவர்தன் 1980களோட கடைசியில மாருதி 800 இஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கினாரே, அதுவும் ஃபைபர் உடம்புதான். சோழவரம் பழைய ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்த காலம் முடிஞ்சு, 1990ல நம்ம மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டைக்கு டிராக் வந்த பிறகு அந்த மாதிரி கார்கள்தான் அங்க சுத்திச்சு. நரேன் கார்த்திகேயன் எல்லாம் ஆரம்பத்துல ஓட்டினது ஃபார்முலா மாருதிதான். ரேஸ் காருக்கு ஃபைபர் ஏன்? எடை. 1.5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் எடுத்தா கிட்டத்தட்ட 12 கிலோ. ஃபைபர்ல அதை விட ரெண்டு மடங்கு தடிமனா, 3 மில்லிமீட்டர் போட்டாலும் நாலரை கிலோ பக்கம்தான். அங்க ஃபைபர் உடம்பு இடி வாங்கறதுக்காக இல்ல, உள்ள இரும்புச் சட்டம் இருக்கு.

ஆக விடை இதுலயே கிடைச்சுடுச்சு. ஃபைபர் போடலாம். ஆனா சட்டையா போடணும், எலும்பு வேற வேணும்.

மச்சானோட தரை தொடும் பம்பருக்கு ரெண்டு விஷயம் குறுக்க வந்தது. ஒண்ணு, ஹெரால்டு பானட் முன்னாடி கவிழ்ந்து திறக்கும்னு சொன்னேன் இல்ல? திறக்கிறப்போ மூக்கு கீழ் நோக்கிச் சுத்தி வரும். முகத்தை முழுசா மூடற பம்பர் போட்டா மூக்கு அதுல இடிக்கும், பானட்டே திறக்காது. ரேடியேட்டருக்கு காத்தும் குறையும். சித்திரை வெயில்ல இங்க அது விளையாட்டு இல்ல. ரெண்டாவது, எங்க ஊர் ஸ்பீடு பிரேக்கர். அதைப் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. ஒரு மாசம் தாங்காது. மச்சான் மூஞ்சியைத் தூக்கி வச்சுகிட்டான், ஆனா ஒத்துக்கிட்டான்.

சட்டமும் ஒண்ணு இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன அளவு முறைக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிடுச்சு. பம்பருக்கு முன்னாடி மாட்டற முரட்டுக் கம்பிக்கு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை சொன்னது. நடந்து போறவங்களுக்கு அது எமன்ங்கிறது ஒரு காரணம். அதனால நீளம், அகலம் எதுவும் மாறாம, பழைய பம்பரோட அதே உருவத்துல செய்யறதுன்னு முடிவாச்சு. நீங்களும் செய்யறதா இருந்தா உங்க ஆர்.டி.ஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க.

சென்னைக்காரர் சொன்ன ஒரிஜினல் விஷயத்துக்குப் பின்னாடியும் ஒரு சட்டம் இருக்கு. 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. 50 வருஷத்துக்கு மேல ஆன, பெரிய மாற்றம் எதுவும் இல்லாம ஒரிஜினலா இருக்கிற டூவீலர், கார்களுக்கு வி.ஏ.ன்னு தனி நம்பர் வரிசை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். புதுப்பிக்க 5,000. கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க 1970 ஹெரால்டும் வயசு வரம்பைத் தாண்டிடுச்சு. ஆனா அந்த நம்பர் வாங்கிட்டா கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மாதிரி விஷயங்களுக்குத்தான் ரோட்டுக்கு எடுக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்குக் கூடாது. காஞ்சிபுரம் போய் காப்பி சாப்பிடறது எந்தப் பிரிவுல வரும்? தாத்தாகிட்ட இதைச் சொன்னப்போ ஒரே வரிதான் சொன்னார். "அப்ப அது கார் இல்லடா, பொம்மை."

இப்ப கணக்கு. குழுவுல இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்க முடியாதுன்னு பராந்தக சோழன் காலத்துல, 920 வாக்குல, கல்வெட்டுல வெட்டி வச்ச ஊர்க்காரன் நான். குடவோலை ஊர் சார் இது. அதனால காட்டிடறேன்.

ரெண்டு பம்பரையும் சப்பை எடுத்து, பாலிஷ் போட்டு, திரும்ப குரோம் முலாம் பூச எங்களுக்குச் சொன்ன தொகை 22,000. ஃபைபர்னா மோல்டு செய்ய 7,000, அதுல ஒரு ஜோடி பம்பர் வார்க்க 4,500, உள்ள வைக்கிற இரும்புச் சட்டம் வெல்டிங்கோட 2,800, பெயிண்ட் 4,000, போல்ட், வாசர், ரப்பர் 700. கூட்டினா 19,000. வித்தியாசம் வெறும் 3,000!

மாமா முகம் சுருங்கிடுச்சு. மலிவுன்னு நினைச்சுதானே ஃபைபருக்கு வந்தார்? இங்கதான் காஸ்டிங் பேப்பர் படிச்சது உதவிச்சு. மோல்டு செலவு ஒரே தடவை. அது நிலையான செலவு. முதல் ஜோடி மேல முழுசா ஏறினதால விலை அதிகமா தெரியுது. நாளைக்கு கரும்பு டிராக்டர் பின்னாடி வந்து ஒரு முட்டு முட்டினா, குரோம் பம்பருக்கு மறுபடி ஆயிரக்கணக்குல தண்டம், அதுவும் தகடு தாங்கினா. ஃபைபர்ல ஒரு பம்பருக்கு மோல்டு இருக்கு, வார்க்கிற கூலியும் பெயிண்டும் மட்டும். அதைவிட முக்கியம், ஒரிஜினல் பம்பர் உலகத்துல எங்களுக்குன்னு ஒரு ஜோடிதான் இருக்கு. அதை ரோட்டுல பணயம் வைக்கவேண்டாம்.

இன்னொரு கணக்கும் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு லட்ச ரூபாய் காரை வருஷம் 15 சதவீதம் தேய்மானம் போட்டு 40 வருஷம் குறைச்சுக்கிட்டே வந்தா, புத்தகத்துல மிச்சம் நிக்கிறது ஏறக்குறைய 150 ரூபாய். பூஜ்யம் ஆகவே ஆகாது, ஆனா அதுக்குப் பக்கத்துல. அதே காருக்கு சென்னையில இருந்து ஆள் வந்து பேரம் பேசறார். தேய்மானக் கணக்குல வராத ஏதோ ஒண்ணு அந்த வண்டியில இருக்குன்னுதானே அர்த்தம்? அந்த ஏதோ ஒண்ணை வெட்டி ஒட்டிக் கெடுத்துடக் கூடாது. மாமா தலையாட்டினார்.

வேலை நடந்த விதம் சொல்றேன், செய்யறவங்களுக்கு உதவும். செங்கல்பட்டு பக்கம் ஒரு சின்ன ஃபைபர் பட்டறை. நடத்தற அண்ணன் கடலோரத்துக்காரர். 2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகு பெருகினப்போ வேலை கத்துக்கிட்டவர். இப்ப தண்ணித் தொட்டி, கடை வாசல் பொம்மை, வேன் முகப்பு எல்லாம் செய்யறார்.

முதல்ல பழைய பம்பரைக் கழற்றி, சப்பையில பட்டி போட்டு, உப்புத்தாள்ல தேய்ச்சு நேராக்கினார். அதுதான் அச்சுக்கு மாதிரி. அதுமேல மெழுகு நாலஞ்சு கோட்டு. இதுல சோம்பேறித்தனம் பண்ணினா மோல்டு ஒட்டிக்கும், உரிச்சா குரோமும் சேர்ந்து வரும். பம்பரோட ஓரம் உள்பக்கம் மடிஞ்சிருக்கிறதால மோல்டை ஒரே துண்டா எடுக்க முடியாது. ரெண்டு துண்டா செஞ்சு நடுவுல போல்ட் போட்டு சேர்த்தார்.

மோல்டு ரெடியானதும் உள்ள ஜெல் கோட், அது இழுத்ததும் கண்ணாடி நார் மேட், ரெசின், மறுபடி மேட், ரெசின். 450 கிராம் மேட் மூணு அடுக்கு போட்டா 3 மில்லிமீட்டர் பக்கம் வரும். ஒவ்வொரு அடுக்குக்கும் ரோலர் உருட்டிக் காத்தை வெளியேத்தணும். காத்துக் குமிழி இருந்த இடம்தான் பின்னாடி உடையற இடம். ரெசின்ல முதல்ல கோபால்ட் ஆக்ஸிலரேட்டரைக் கலந்து, அது நல்லாக் கரைஞ்ச பிறகுதான் ஹார்ட்னர். ரெண்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, வெடிக்கும். அண்ணன் ரெண்டு பாட்டிலையும் பட்டறையோட எதிர் எதிர் மூலையில வச்சிருக்கார். வெயில் நாள்ல ரெசின் சீக்கிரம் இறுகிடும்னு காலையில ஆறு மணிக்கே வேலையை ஆரம்பிச்சார். மாஸ்க், கிளவுஸ், முழுக்கை சட்டை கட்டாயம். அந்த நாரோட அரிப்பு ரெண்டு குளியலுக்கும் போகாது.

"இடிச்சா தாங்குமாண்ணே?"ன்னு மச்சான் கேட்டான். "தம்பி, படகும் பாறையில மோதினா உடையும். ஆனா படகை ஒட்டலாம்"னார். பதில் எனக்குப் பிடிச்சிருந்தது.

மாட்டறப்போ கவனிக்க வேண்டியது:

1. எலும்பு முதல்ல. சதுரக் குழாய்ல ஒரு குறுக்குச் சட்டம், பழைய பம்பர் பிராக்கெட் இருந்த அதே ஓட்டையில. சேஸிஸ்ல புது ஓட்டை ஒண்ணு கூட போடல. சட்டம் பம்பருக்கு உள்ளயே அடங்கணும், வெளிய நீட்டக் கூடாது.

2. போல்ட் வர்ற இடத்துல ஃபைபரை ரெண்டு அடுக்கு கூடுதலா தடிமனாக்கி, உள்ள சின்ன இரும்புப் பட்டை வச்சு வார்க்கணும். ஃபைபர் முதல்ல கிழியறது போல்ட் ஓட்டையிலதான்.

3. ஓட்டை போல்ட்டை விட கொஞ்சம் பெருசா இருக்கணும். பெரிய வாசர், நடுவுல ரப்பர். நம்ம மெக்கானிக் கை பழக்கத்துல இரும்பை முறுக்கற மாதிரி முறுக்கினா டப்புன்னு விரிசல் விடும்.

4. பெயிண்டுக்கு முன்னாடி மாட்டிப் பாருங்க. இடைவெளி சரியா இருக்கா, பானட் முழுசா கவிழுதா, நம்பர் பிளேட் மறையுதா. எங்களுக்கு இடது பக்கம் கொஞ்சம் ராவ வேண்டியிருந்தது. பெயிண்ட் அடிச்ச பிறகுன்னா வயிறு எரிஞ்சிருக்கும்.

5. மோல்டு மெழுகு ஃபைபர் மேலயும் ஒட்டியிருக்கும். அதைத் துடைச்சு, தேய்ச்சு எடுக்காம பிரைமர் அடிச்சா ஆறு மாசத்துல தோல் தோலா உரியும்.

குரோம் பளபளப்பு வராதான்னு அத்தை கேட்டாங்க. ஃபைபர் மின்சாரம் கடத்தாது, அதனால இரும்புக்குப் பண்ற மாதிரி தொட்டியில முக்கி முலாம் பூச முடியாது. வெள்ளி பெயிண்ட் அடிச்சா கோயில் உண்டியல் மாதிரி இருக்கும். அதனால கார் கலர்லயே அடிச்சோம். பார்த்தா ஃபைபர்னு தெரியும். தெரியட்டும். இது ஒரிஜினல்னு யாரையும் ஏமாத்தறதுக்காக மாட்டல.

ஒரிஜினல் ஜோடிக்குத் துருவைச் சுரண்டி, உள்பக்கம் துரு தடுப்பு பெயிண்ட் அடிச்சு, கிரீஸ் தடவி, பழைய வேட்டியில சுத்தி பரண்ல வச்சாச்சு. கூடவே அதோட போல்ட்டுகள் ஒரு டப்பாவுல, மேல பேர் எழுதி. நாளைக்கு யாராவது வி.ஏ. நம்பர் வாங்கணும்னு நினைச்சாலோ, நியாயமான ஆள் கைக்கு வண்டி போறதா இருந்தாலோ, ஒரு காலை நேரத்து வேலைதான். கழற்று, மாட்டு. ஹெரால்டு பொறந்ததே அதுக்குத்தானே?

சென்னைக்காரருக்கு மாமா ஃபோன் பண்ணி இப்போதைக்கு விக்கிறதா இல்லைன்னு சொல்லிட்டார். அவர் வருத்தப்பட்டார், ஆனா பரண்ல இருக்கிற ஜோடியை எலி கடிக்காம பாத்துக்கச் சொன்னார். (இரும்பை எலி கடிக்குமான்னு கேக்கத் தோணிச்சு. கேக்கல.)

இந்தப் பஞ்சாயத்துல எனக்குப் புரிஞ்சது இதுதான். பழைய வண்டியைப் பத்திப் பேசறப்போ ரெண்டு கோஷ்டிதான் சத்தமா பேசும். ஒண்ணு, ஆணியைக் கூடத் தொடாதேங்கும். இன்னொண்ணு, எல்லாத்தையும் வெட்டி மாத்துங்கும். ஆனா வண்டி யாருக்காக ஓடுதோ அந்த ஆள் ரெண்டு கோஷ்டியிலயும் இருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது வண்டி ஓடணும். அதுக்கு நீங்க எதை வேணா மாட்டுங்க, ஒரு கேள்வியை மட்டும் கேட்டுட்டு: இதை நாளைக்குக் கழற்ற முடியுமா? முடியும்னா தைரியமா மாட்டலாம். முடியாதுன்னா, உங்களுக்கு அப்புறம் வர்றவனோட முடிவையும் சேர்த்து நீங்களே எடுக்கறீங்கன்னு அர்த்தம். அது எந்தக் கணக்குலயும் நியாயமான பற்று இல்ல.

போன ஞாயித்துக்கிழமை தாத்தா முன் சீட்டுல உக்காந்து காஞ்சிபுரம் போயிட்டு வந்தார். ஓட்டினது மாமா, பின் சீட்டுல நானும் மச்சானும். பம்பர் எப்படி இருக்கு தாத்தான்னு கேட்டான் மச்சான். "உள்ள உக்காந்திருக்கிறவனுக்கு பம்பர் எங்கடா தெரியுது"ன்னார்.